மீட்காத பிள்ளை

இரும்புச் சங்கிலி முனகும் சத்தம்தான் பிரகாசியின் முதல் ஞாபகம். பெரிய தராசின் ஒரு தட்டில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். தட்டு ஆடியது, சங்கிலி முனகியது. பிறகு அப்பத்தாவின் கைகள் அவள் அக்குளுக்குள் நுழைந்து அவளைத் தூக்கிக்கொண்டன. அந்தக் கைகள் நடுங்கின. அப்போது அவளுக்கு ஐந்து வயது இருக்கலாம். அது எந்த இடம், எதற்காக உட்கார வைத்தார்கள் என்று அவள் யாரையும் கேட்டதில்லை.

பல வருஷம் கழித்துக் கேட்காமலே பதில் வந்தது.

பிரகாசி அப்போது கன்னியர் மடத்தில் துறவுப் பயிற்சி பெறும் நவதுறவியாக இருந்தாள். வரும் சனிக்கிழமை வார்த்தைப்பாடு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுத்துத் துறவியாகும் நாள். அதற்குமுன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அப்பாவுடன் பிறந்த செங்கோல் அத்தை முறுக்கு டப்பாவோடு வந்திருந்தாள்.

"அப்பத்தா இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருக்கும்," என்றாள் பிரகாசி.

"அதுக்கென்ன. அந்தோணியார் பொருள் அந்தோணியார்கிட்டயே வந்து சேர்ந்துருச்சு."

"என்ன அத்தை சொல்றீங்க?"

அத்தை சிரித்துக்கொண்டே சொன்னாள். பிரகாசிக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போயின. இவளுக்கும் மூச்சுத் திணறியபோது அப்பத்தா இவளை அள்ளிக்கொண்டு மலையடி அந்தோணியார் கோவிலுக்கு ஓடினாள். சுரூபத்தின் காலடியில் கிடத்தி, "இனி இது உம்ம பிள்ளை" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். பிள்ளை பிழைத்து வளர்ந்ததும் எடைக்கு எடை உப்பு கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை பிள்ளை புனிதருக்குச் சொந்தம்.

"உன்னை மீட்கவே இல்லடி. தராசுல உக்கார வச்சாச்சு, உப்பு மூட்டையை அவுத்தாச்சு. எங்காத்தா வெடுக்குனு உன்னைத் தூக்கிக்கிட்டு, அடுத்த வருசம் பாப்போம்னு வந்துருச்சு. அப்புறம் எல்லா வருசமும் அதே கதைதான். நேர்ந்துவிட்ட கிடா வேற எங்க போகும்? முறுக்கை எடு, நமுத்துரும்."

அத்தை போனபிறகு பிரகாசி முறுக்கு டப்பாவைத் தொடவில்லை. மறுநாள் காலைச் செபத்தில் பழகிய வரிகள் நாக்கில் தடுக்கின. தையல் அறையில் அவளுக்கான முக்காட்டின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தபோது, திருவிழாவில் கிடாயின் கழுத்தில் போடும் மாலை ஞாபகம் வந்தது.

நவதுறவிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் மதர் ஞானப்பூ. பிரகாசி போனபோது, எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகளிலிருந்து திரிகளை உருவிக்கொண்டிருந்தார்.

"மதர், என்னை இங்கே அழைச்சது யார்?"

"கேட்டில மணி அடிச்சது நீதானே."

"விளையாடாதீங்க மதர்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மதர் திரிகளை உருவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆண்டவர் கூப்பிட்டார்னு நினைச்சு வந்தேன். அப்பத்தா கொடுத்துட்டுப் போன பொருளா வந்திருந்தா? சனிக்கிழமை என்னை நானே கொடுக்கணும். என்னோடது இல்லாததை நான் எப்படிக் கொடுக்கிறது?"

"கொடுக்க முடியாதுதான்."

மதர் மறுத்துச் சொல்வார் என்று நம்பி வந்திருந்தாள்.

"அப்பத்தா ஏன் என்னை மீட்கலை மதர்?"

"அவங்க எப்படிப்பட்டவங்க?"

"ரொம்ப பக்தி."

"செத்துப்போன பாட்டியை எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எப்படிப்பட்டவங்க?"

பிரகாசி யோசித்தாள்.

"பேரு இஞ்ஞாசியம்மாள். கோவில் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே போய் வாசல்ல நிப்பாங்க. உபதேசியார் அவங்களைப் பார்த்துட்டுத்தான் மணியடிக்கப் போவார். சோத்துப் பானையைத் திறக்கறதுக்கு முன்னால மூடி மேல சிலுவை போடுவாங்க. புதுச் செபம் வந்த பிறகும் பழைய மந்திரத்தைத்தான் சொன்னாங்க, சாமியார் திருத்தினாலும் கேக்கல. பெரிய வெள்ளிக்கிழமை, இயேசுவை ஆணியில அறைஞ்ச நாளுன்னு, தெருவுல யாராவது ஆணி அடிச்சா போய்ச் சண்டை போடுவாங்க."

"உன்கிட்ட?"

"நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினதும் செபமாலையை எடுப்பாங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் கீழ வைக்கமாட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "நான் தூங்கும்போது மூக்குக்குக் கீழ விரல் வச்சுப் பார்ப்பாங்க. மூச்சு வருதான்னு. பத்தாம் வகுப்பு வரைக்கும் பார்த்தாங்க."

மதரின் கை நின்றது. பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வா."

விடுதிச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. மதர் அவளை அதில் ஏற்றி நிறுத்தினார். பிறகு கல்லுப்பு மூட்டையை அவிழ்த்து, அதே எடைக்கு வாளி வாளியாக நிறுத்து வைத்தார்.

சமையல்கார திரேசம்மாள் எட்டிப் பார்த்தாள். "மதர், அது ஊறுகாய்க்கு வச்ச உப்பு."

"சாயங்காலம் திருப்பித் தர்றேன் திரேசம்மா. புனிதர் உப்புத் தின்னமாட்டார்."

"மாங்காய் அதுவரைக்கும் காத்திருக்குமான்னு அவர்கிட்டயே கேட்டுக்கங்க," என்று முணுமுணுத்துவிட்டு அவள் போனாள்.

தோட்டத்தில் ஓர் அந்தோணியார் சுரூபம் இருந்தது. மதர் அதன்முன் தார்ப்பாயை விரித்தார்.

"கொண்டு வந்து கொட்டு."

"மீட்கிறவங்க வேணுமே மதர். அப்பத்தா இல்லையே."

"நீ இருக்கியே. தூக்கு."

பிரகாசி தூக்கினாள். முதல் வாளியைக் கொட்டியபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அடுத்தடுத்த வாளிகளை வேகமாகக் கொண்டுவந்து கொட்டினாள். தார்ப்பாயில் உப்பு குவிந்து வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. கடைசி வாளியோடு வந்தவள் குவியலின் முன் நின்றாள். நின்றபடியே இருந்தாள்.

"என்ன?"

"இதையும் கொட்டிட்டா முடிஞ்சுது."

"முடியட்டும்."

"அப்புறம் நான் அவரோட பிள்ளை இல்லை."

"இல்லை."

"சனிக்கிழமை நான் வாக்குக் கொடுக்கலாம், கொடுக்காம வீட்டுக்கும் போகலாம். எதுன்னாலும் நானா செஞ்சதுதான்."

"ஆமா."

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

மதர் குனிந்து தார்ப்பாயின் ஓரத்தை மடித்துவிட்டார். வாளியின் கம்பி பிரகாசியின் விரல்களை அறுத்தது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"முடியல மதர். கை வரமாட்டேங்குது."

மதர் ஞானப்பூ அவளுடைய நடுங்கும் கைகளைப் பார்த்தார்.

"அப்பத்தா ஏன் உன்னை மீட்கலைன்னு கேட்டியே," என்றார். "இப்ப நீயே சொல்லு."

"மீட்டுட்டா அவர் என்னைக் காப்பாத்தமாட்டாரோன்னு பயந்திருக்காங்க," என்றாள் பிரகாசி. பிறகு வாளியைச் சாய்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வார்த்தைப்பாடு எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனாள். மறு ஆண்டு திரும்பி வந்து எடுத்தாள்.