நான்கு கேள்விகள்

"தம்பிய எப்படி நிறுத்தறது, சாமி?"

ஆதிலட்சுமி வந்ததும் உட்காராமலே கேட்டாள். குரு கொடியில் ஈரப் பாயைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பாகூர் ஏரிக்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை. ஞாயிறு காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து, பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். குருவுக்கு இருபத்தொன்பது வயது. அவளுக்கு முப்பத்திரண்டு. அவர் அவளை நீங்க என்பார். அவள் அவரைச் சாமி என்பாள். முதலில் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

"உக்காந்து சொல்லுங்க."

சொன்னாள். தம்பி யுகேந்திரனுக்குப் பதினேழு வயது. ப்ளஸ் டூ. சனிக்கிழமை சாயங்காலம் இரவல் பைக்கில் கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிறான். அங்கே கடலோரம் விடிய விடிய ஆட்டம் போடும் இடங்கள் இருக்கின்றன. வாசலில் வயது கேட்க வேண்டும், கேட்பதில்லை. ஞாயிறு மத்தியானம் திரும்பி வருகிறான். போன மாதம் வழியில் விழுந்து தாடையில் மூன்று தையல்.

அப்பா இல்லை. நாய் குறுக்கே வந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாய் அவளுடைய யோசனைதான்.

"அடுத்த தடவை தையலோட முடியாது, சாமி."



அவள் போனை எடுத்துக் காட்டினாள். ஒரு ராத்திரி அவன் தூங்கும்போது அவன் கட்டைவிரலைப் பிடித்து அவன் போனில் அழுத்தித் திறந்திருந்தாள். அன்றிலிருந்து அவன் எங்கே போனாலும் அவளுடைய போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிந்தான். இப்போதும் தெரிந்தான். கடலை ஒட்டிய ஒரு தெருவில், அசையாமல். ராத்திரி பூரா அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

குரு குனிந்து பார்த்தார்.

"இது இப்ப குடிச்சிருக்கா?"

"எது?"

"இந்தப் புள்ளி."

"தெரியல."

"தூங்குதா, முழிச்சிருக்கா?"

"தெரியல, சாமி."

"ராத்திரி பூரா பாத்துட்டு இருந்தேன்னீங்களே."

அவளுக்குக் கோபம் வந்தது. கிண்டலுக்கு ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதற்காக இரண்டு பஸ் மாறி வர வேண்டியதில்லை என்றாள்.

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டதாகக் குரு சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

குரு நிமிர்ந்து கேட்டார்.

"அவனைக் கூப்பிட்டா என்ன கேப்பீங்க?"

"எங்க இருக்க, யார்கூட இருக்க, குடிச்சியா, எப்ப வருவ."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் வச்சிடுவான்."

"ஒரு வாரம் இந்த நாலையும் கேக்காதீங்க."

"வேற என்ன பேசறது?"

"எனக்குத் தெரியாது. எனக்குத் தம்பி இல்ல."

அன்று மத்தியானம் யுகேந்திரன் வீட்டுக்கு வந்தான். அவள் கதவைத் திறந்தாள். கேட்கவில்லை. அவன் உள்ளே போகாமல் நின்றான். பிறகு தன் சட்டையைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

வேறு கேள்வி தேடினாள். படிச்சியா என்று கேட்கலாம். யோசித்தால் அதுவும் குடிச்சியா என்ற கேள்விதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. பாடம் எதுவரைக்கும் நடத்தியிருக்கிறார்கள் என்று கேட்கலாம். அதுவும் அப்படித்தான்.

புதன்கிழமை இரவு அவன் தோசை சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தாள். அவன் வெங்காயத்தை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். எப்போதிருந்து வெங்காயம் பிடிக்காமல் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னக்கா, மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி பாக்கற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா தட்டைப் பாரு, என்னைப் பாக்காத."

அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி திட்டினாள். பதினேழு வயதுப் பையனைக் கேள்வி கேட்காமல் விடுவது பாசமா, சோம்பேறித்தனமா என்றாள். இரண்டு அறை விட்டால் சரியாகிவிடும் என்றாள். ஆதிலட்சுமிக்கு அவள் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. குரு சொன்னதும் சரியாகத்தான் பட்டது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று யோசித்ததில் ஒரு பில்லைத் தப்பாகப் போட்டாள்.

சனிக்கிழமை வந்தது. அவன் கிளம்பினான். வாசலில் ஹெல்மெட் வாரைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். அவள் கேட்கவில்லை. அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான்.

பிறகு போய்விட்டான்.

மறுநாள் கொட்டகைக்கு வந்தபோது அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"இது கேக்காம இருந்தது இல்ல, சாமி. கைவிட்டது. அவனும் அப்படித்தான் நெனச்சிருப்பான்."

"இருக்கலாம்."

"அப்ப நீங்க சொன்னது தப்பா?"

"இருக்கலாம்."

அவள் அவரையே பார்த்தாள். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"இப்ப கூப்பிடட்டுமா?"

குரு தலையசைத்தார்.

ஆறேழு முறை மணி அடித்த பிறகுதான் எடுத்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"பீச் ரோட்டுலதான்க்கா இருக்கேன். ஜெரோம்கூட. குடிக்கவெல்லாம் இல்ல. ஒரு மணிக்குள்ள வந்துடுவேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு நிறுத்தினான்.

கேட்காத நான்கு கேள்விகளுக்கும் பதில் வந்துவிட்டது. போனைக் காதில் வைத்தபடி இருந்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ போயிற்று. யாரோ சிரித்தார்கள்.

"அக்கா?"

"ம்."

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"திட்டறதுன்னா திட்டிடு."

அவள் திட்டவில்லை. திட்டக் கூடாது என்று இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"அக்கா, அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்லடா. அம்மா நல்லா இருக்காங்க."

"அப்ப உனக்கா?"

அவள் குருவைப் பார்த்தாள். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலடா" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. அவன் கூட்டத்தை விட்டு விலகி எங்கேயோ நடந்து போவது போலிருந்தது. மூச்சு வாங்கியது.

"வீட்டுலயா இருக்க?"

"இல்ல. பாகூர்ல. ஏரிக்கரையில."

"தனியாவா?"

அவள் மறுபடி குருவைப் பார்த்தாள்.

"அங்கயே இரு, அக்கா. எங்கயும் போயிடாத. வர்றேன்."

வருகிறேன் என்றதும் அவளுக்கு அந்த மூன்று தையல் ஞாபகம் வந்தது. பைக். அந்தச் சாலை. வேகமாக வராதே என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அக்கா."

"ம்."

"கொஞ்சம் லேட்டாவும். பஸ்ல வர்றேன். இப்ப வண்டி ஓட்டற மாதிரி இல்ல நான்."