காலடி கேட்டால் அடங்கும் குரல்

அந்தக் காலத்தில் பேசாத உயிர் என்று ஒன்றும் கிடையாது. ஆடு புல்லிடம்கூடப் பேசிவிட்டுத்தான் மேயும். புல்தான் அவ்வளவாகப் பதில் சொல்லாது. தவளைகளும் பேசின. ஆனால் இன்று நாம் கேட்கிற முரட்டுக் குரல் அப்போது அவற்றுக்கு இல்லை. ஊதிப் பெருக்குகிற தொண்டைப் பையும் இல்லை. காதோடு காதாகச் சொல்வது போல மெல்லப் பேசுகிற சனம் அது. தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் 'இணுக்'. நிறைந்த பானையில் ஒரு சொட்டு விழுந்தால் எப்படி இருக்கும், அப்படிச் சொல்ல வேண்டும் அதை.

ஏரித் தண்ணீர் எல்லோருக்கும் பொது. கரை மட்டும் நாரைகளுடையது. நாரைகளிடம் ஒரு சொல் இருந்தது, 'கொர்' என்று. தண்ணீரை விட்டுக் கரையேறியதும் காலில் ஒட்டிய நாற்றச் சேற்றைப் புல்லில் தேய்த்துத் தள்ளும் அல்லவா, அந்தச் சேற்றுக்கு அவை வைத்த பெயர் அது. பிறகு அதே பெயரைத் தவளைகளுக்கும் வைத்தன. கோபத்தில் வைத்திருந்தால்கூடத் தேவலை. சும்மா, சாதாரணமாக வைத்தன. இன்றைக்குக் கொர் எப்படி என்று ஒரு நாரை கேட்கும். நேற்றையதைவிடக் கொழுப்பு என்று இன்னொன்று சொல்லும். தாய் நாரை குஞ்சுக்கு வேட்டை சொல்லிக் கொடுக்கும்போது, அலகை நீட்டுவதற்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லும். அதைக் கேட்டால் தவளைக்கு உடம்பு ஒரு கணம் விறைத்துப் போகும். அந்த ஒரு கணம் அலகுக்குப் போதும். பல தவளைகள் கடைசியாகக் கேட்ட சொல் அதுதான்.

மதகடியில் இருந்த சேந்தன் மாமாவின் மனைவியை அப்படித்தான் ஒரு நாரை கொண்டுபோயிற்று. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு யாராவது இருமினால்கூடத் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

அந்த ஏரியில் வள்ளையன் என்று ஒரு இளம் தவளை. அவனுக்குத் தும்பை என்று ஒரு தங்கை. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகள். இவன்தான் அவளுக்கு எல்லாம். அவளோ சொன்ன பேச்சைக் கேட்கிறவள் இல்லை. இங்கே இரு என்றால் அங்கே இருப்பாள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்தது. நாரைகள் வேறு நீர் தேடிப் போய்விட்டன. தவளைகள் வயலெங்கும் சிதறி, கிடைத்த வெடிப்பில் புதைந்துகொண்டன. அந்தக் கோடையில் அவர்களுக்கு உதவி செய்தது காரி என்கிற எருமை ஒன்றுதான். தூரத்துக் கிணற்றடியில் புரண்டுவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வயல் வழியாகவே திரும்பும். முதுகை உதறி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வெடிப்புகளில் ஈரம் விட்டுப் போகும். யாரும் கேட்டுச் செய்யவில்லை. காரி அண்ணன் இல்லையென்றால் பாதிப் பேர் மண்ணாகியிருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருக்கிறவன் முகம் தெரியாத மழை. தவளைகள் வெடிப்புகளிலிருந்து வெளியே வந்து பார்த்தால், பழைய ஏரி பழைய இடத்தில் இல்லை. கரை உடைந்து, தண்ணீர் கிழக்கே ஒரு பள்ளத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. வள்ளையனும் சேந்தன் மாமாவும் இன்னும் சிலரும் தற்செயலாக அந்தப் பள்ளத்துக்குள் வந்து விழுந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் வயலில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். தும்பையும் அங்கேதான் எங்கோ இருந்தாள்.

மழை விட்டால் நாரைகள் வரும். வெட்ட வெளியில் நிற்கிற தவளையைப் பொறுக்க அவற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் எல்லோரும் தண்ணீருக்கு வந்துவிட வேண்டும்.

வள்ளையன் தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு எல்லோரும் சேர்ந்து இணுக், இணுக் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த மழையில் அது பத்தடிகூடப் போகவில்லை. ஒவ்வொரு சொட்டும் அதே சத்தத்தைத்தானே போடுகிறது, எது தவளை எது மழை என்று யாருக்குத் தெரியும்? கூப்பிட்டுக் கூப்பிட்டு வள்ளையனுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால் ஆத்திரம் வந்தது. வாயில் வந்ததை அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டான்.

"கொர்."

பக்கத்தில் இருந்தவர்கள் விறைத்துப் போனார்கள். சேந்தன் மாமா ஒரு கல்லுக்கு அடியில் புகுந்துகொண்டார். ஆனால் அந்தச் சொல் மழையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. போன திசையிலிருந்து, வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு குரல் திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே வந்தது.

"கொர்."

அதன் பின்னால் தெற்கிலிருந்து ஒன்று, மேற்கிலிருந்து ஒன்று. கொஞ்ச நேரத்தில் முதல் ஆள் பள்ளத்துக்குள் வந்து குதித்தான், வாய் நிறையச் சிரிப்போடு. நாரை கூப்பிடுகிறது என்று பயப்படவில்லையா என்று கேட்டார்கள்.

"இந்த மழையில நாரை எங்க வரும்? அது இறக்கை நனையாம எங்கேயோ ஒண்டிக்கிட்டு நிக்கும். நாரையைத் தவிர அந்த வார்த்தையைச் சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்னு யோசிச்சேன். நம்ம பய எவனோதான்னு நெனைச்சதும் சிரிப்பு தாங்கலை."

அவ்வளவுதான். வந்தவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தச் சொல் கனமானது, சாதாரண மூச்சில் எழும்பாது. காற்றை இழுத்துத் தொண்டையில் தேக்கி, தம் கட்டித் தள்ள வேண்டியிருந்தது. தள்ளத் தள்ளத் தொண்டைத் தோல் இளகி, குமிழி போல ஊதிக்கொண்டது. ஒருத்தன் தொண்டையைப் பார்த்து இன்னொருத்தன் கிண்டல் செய்தான். காலங்காலமாக விறைக்கவைத்த சொல், இன்றைக்கு வீட்டுக்கு வழி காட்டியது. சிலர் சிரித்தார்கள், சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

சேந்தன் மாமா மட்டும் கல்லை விட்டு வெளியே வரவில்லை. வள்ளையன் அவரிடம் போய், நீங்களும் வாங்க மாமா, இனிமேல் இது நம்முடையது என்றான்.

"உனக்கு அப்படி இருக்கலாம்டா. நீ கூப்பிடு, வேணாங்கலை. என் காதுக்கு அது இன்னும் அலகுதான்."

வள்ளையன் திரும்பி வந்து, கல்லிருக்கும் பக்கம் போய் யாரும் கத்த வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்தான். ஓரிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் நகர்ந்துகொண்டார்கள்.

வயலிலிருந்து ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். தும்பை மட்டும் இன்னும் வரவில்லை. வந்த ஒருத்தி, அவள் பின்னால்தான் வருகிறாள், வடக்கு வயலில் பார்த்தேன், சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வருகிறாள் என்றாள். மழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் காரி வந்தது. மழையில் நனைந்த குஷியில் இருந்தது அது. பள்ளத்தில் தண்ணீரும் தண்ணீர் நிறையத் தவளைகளும் இருக்கக் கண்டதும், அதற்கு உடம்பெல்லாம் சந்தோஷம். கோடை முழுக்கத் தான் ஈரம் விட்டுக் காப்பாற்றிய பிள்ளைகள் அல்லவா. தடதடவென்று இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் நின்று, அதுவும் அந்தப் பாட்டில் கலந்துகொண்டது.

"என்னங்கடா கொர்ருகளா, எல்லாரும் பொழைச்சுக்கிட்டீங்களா?"

சட்டென்று எல்லாம் அடங்கியது. ஒரு தொண்டை விடாமல் எல்லாத் தொண்டையும் வற்றிச் சுருங்கிவிட்டது. விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி மழைத் தூறல் தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வடக்கு வயலில், வரப்பும் தெரியாமல் வழியும் தெரியாமல் தும்பை அங்கேயே நின்றுவிட்டிருப்பாள். வள்ளையன் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தம் கட்டினான், தொண்டை எழும்பவில்லை. மேகம் ஓரிடத்தில் வெளுத்து, வெளிச்சம் விழத் தொடங்கியது.

காரிக்கு முகம் விழுந்துவிட்டது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கேட்டது. நீங்கள் சொன்னதைத்தானே நானும் சொன்னேன், நானும் இந்தச் சேற்றில்தானே கிடக்கிறேன், என்னை மட்டும் நாரைகள் தலையில் தூக்கிவைத்து ஆடுகின்றனவா, என் முதுகில் ஏறி நின்றுகொண்டே என்னை என்ன பெயர் சொல்லும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று வரிசையாகக் கேட்டது. அது கேட்டதில் ஒன்றும் பொய் இல்லை.

வள்ளையன் நீந்திப் போய் அதன் மூக்குக்கு நேராக ஒரு இலையில் ஏறினான்.

"அண்ணே, நீங்க கெட்ட மனசோட சொல்லலை. அது எங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன்டா கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"நாங்க வேணும்னு நிறுத்தலை அண்ணே. தானா நின்னுபோச்சு. எங்க வாயில வந்தா அது பக்கத்துல இருந்து வருது. உங்க வாயில வந்தா மேல இருந்து வருது. கரையில இருந்து வர மாதிரியே இருக்கு."

காரிக்கு அது பிடிபடவில்லை. வார்த்தை வார்த்தைதானே, மனசு சுத்தமாக இருந்தால் போதாதா என்றது. நாரைகள் என்னைச் சொல்கிறதை நீ வேண்டுமானால் சொல்லிப் பார், எனக்கு ஒன்றும் ஆகாது என்றது. வள்ளையன் மாட்டேன் என்றான். சொல்லு என்று அது வற்புறுத்தியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. வள்ளையன் அதன் காதருகே தாவி, யாருக்கும் கேட்காமல் அந்தப் பெயரைச் சொன்னான்.

காரியின் தோள்பட்டையில் தோல் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தது. ஈ உட்கார்ந்தால் சிலிர்க்கும் அல்லவா, அப்படி. காரி தலையைத் திருப்பித் தன் தோளைப் பார்த்தது.

"ஈ ஒண்ணும் இல்லையே," என்றது.

"இல்லை அண்ணே."

கொஞ்ச நேரம் அது தன் தோளையே பார்த்துக்கொண்டு நின்றது. மன்னிச்சுக்கோங்க அண்ணே, இனிமே சொல்ல மாட்டேன் என்றான் வள்ளையன். காரி கரையேறிப் போய்விடலாமா என்று யோசித்து ஒரு காலைத் தூக்கியது. தண்ணீர் அதிர்ந்ததும் தவளைகள் இன்னும் ஒடுங்கியதைக் கண்டு, தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தது. வாயை மூடிக்கொண்டு, அசையாமல், வெறும் வாயை மென்றபடி நின்றது. தன்னால் ஆக வேண்டியது அவ்வளவுதான் என்று அதற்குப் புரிந்துவிட்டது.

ஆனாலும் யாருக்கும் குரல் எழும்பவில்லை. அந்த அமைதியில் கல்லுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இணுக்."

சேந்தன் மாமாதான். மழை நின்றுவிட்டதால் அந்தச் சின்னச் சொல் இப்போது தெளிவாகக் கேட்டது. மாமா கல்லை விட்டு ஒரு அடி வெளியே வந்து, மறுபடியும் சொன்னார். பக்கத்தில் இருந்த ஒரு கிழவியும் சொன்னாள். பழைய வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது எல்லோருக்கும். இங்கே இருப்பது நாம்தான், நம்மைச் சுற்றி இருப்பதும் நாம்தான் என்று தொண்டைக்குத் தெரிந்ததோ என்னவோ, வள்ளையனின் தொண்டை இளகி ஊதிக்கொண்டது.

அவன் கொர் என்றான். அந்தப் பக்கம் இணுக், இந்தப் பக்கம் கொர். பள்ளமே அதிர்ந்தது. காரி கண்ணை மூடி நின்றது.

தும்பை வந்துவிட்டாள். உடம்பெல்லாம் சேறு. வந்ததும் வராததுமாக அண்ணனைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல ஏன் நிறுத்தினே? வரப்பு மேல உக்காந்து உயிரே போச்சு எனக்கு."

"ஒருத்தர் வந்தாரு."

"யாரு?" என்று திரும்பிப் பார்த்தாள். "அட, நம்ம காரி அண்ணன்தானே?"

"நம்ம அண்ணன்தான். இருந்தாலும்."

தும்பைக்கு அது விளங்கியது. வள்ளையன் அவள் முதுகிலிருந்த சேற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவினான்.

வெயில் வந்தது, கூடவே முதல் நாரையும் வந்தது. கரையில் இறங்கி, இத்தனை கூட்டமா என்று ஆசையோடு ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது. வைத்த உடனே குரல் எல்லாம் நின்றது. தண்ணீர்ப் பரப்பில் ஒரு சுழிப்பு இல்லை. நாரை தலையைச் சாய்த்துப் பார்த்தது. வழக்கப்படி அந்தச் சொல்லைச் சொன்னது. யாரும் விறைக்கவில்லை. காலடி பட்டபோதே எல்லோரும் அடியில் போய்விட்டார்கள். விறைக்க யாரும் மேலே இல்லை. இன்னும் உரக்கச் சொன்னது. தன் சொல் தனக்கே அந்நியமாகக் கேட்டது போல, அலகை ஒருமுறை புல்லில் தேய்த்துக்கொண்டது. காத்து நின்று பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று.

அப்பாடா என்று முதலில் மூச்சு விட்டது காரிதான். அது விட்ட மூச்சில் தண்ணீரில் குமிழி எழுந்தது. ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். காரி ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, வள்ளையனைப் பார்த்து, நான் உங்களை என்னன்னுடா கூப்பிடுறது என்று கேட்டது.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க அண்ணே. இவ தும்பை."

"தும்பை," என்றது காரி, ஜாக்கிரதையாக. தும்பை சிரித்தாள். யாரும் அடங்கவில்லை.

அன்று முதல்தான், மழை பெய்தால் தவளைகள் தொண்டையை ஊதி அந்தச் சொல்லால் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. அந்தச் சொல் வேண்டாம் என்கிறவை பானையில் சொட்டு விழுவது போல ஓரமாய்க் கூப்பிடுகின்றன, கூட்டத்தில் காது கொடுத்தால் இரண்டும் கேட்கும். எருமை தண்ணீரில் அசையாமல் மென்றுகொண்டு நின்றால் அவை பாடிக்கொண்டே இருக்கும். நீங்களும் நானும் எவ்வளவு பிரியத்தோடு கரைக்குப் போனாலும் காலடி கேட்ட உடனே அடங்கிவிடும். அது கோபம் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள், மறுபடி தொடங்கும்.