ஒன்பது கவை

அநியாயம் நடந்தது கருப்பாயி என்ற கட்டெறும்புக்கு. சரியான கணக்கைச் சொன்னதற்காக அவளை மரத்திலிருந்து தள்ளிவிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அணிலின் சுறுசுறுப்பைப் புகழ்ந்தே கதை முடிந்துவிடும்.

அந்தக் காலத்தில் எறும்பு பேசினால் குருவிக்குப் புரியும். கண்மாய்க் கரையில் ஒரு வேலமரம் நின்றது. அதன் கிளைகள் ஒவ்வொரு கவையிலும் சரியாக இரண்டாகத்தான் பிரியும். எந்த வழியில் ஏறினாலும் நுனிக்கு ஆறு கவைகள். மொத்தம் அறுபத்துநான்கு நுனிகள். மரத்தின் கணக்கு அணிலார் பொறுப்பு. அவர் ஒவ்வொரு நுனியாகத் தொட்டு எண்ணி வைத்திருந்தார். பிறகு பெய்த மழையில் ஒவ்வொரு நுனியும் துளிர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக மேலும் மூன்று கவை விட்டது.

அப்போதுதான் ஐந்நூறு தூக்கணாங்குருவிகள் வந்து இறங்கின. எல்லாம் முட்டையிடும் நாள் நெருங்கிய பெண்கள். ஆண்கள் நார் பொறுக்கப் பின்தங்கிவிட்டார்கள். ஒரு நுனியில் ஒரு கூடுதான் தொங்கும். இடம் போதாவிட்டால் வறண்ட காட்டைத் தாண்டி அடுத்த கண்மாய்க்குப் பறக்க வேண்டும். பாதிப் பேர் போய்ச் சேரமாட்டார்கள்.

குருவிகளின் தலைவி பொன்னாத்தா இடம் கேட்டாள். அணிலார் ஒரு நுனிக்கு ஓடினார். அங்கே புதிதாக எட்டுக் குச்சிகள். அறுபத்துநான்கோடு எட்டைக் கூட்டி, எழுபத்திரண்டு இடம்தான் என்று கைவிரித்தார்.

"அது தப்பு" என்றாள் கருப்பாயி. அவள் ஒரே வழியில் நுனிவரை ஏறி இறங்கியிருந்தாள். "ஆறும் மூணும் ஒன்பது கவை. ஐந்நூறு பேருக்குத் தாராளம்."

ஐந்நூறு பேருக்கு ஒன்பதா என்று ஓணான் சிரித்தது. ஒரு கிளையைப் பார்த்துவிட்டு மரம் முழுதுக்கும் கணக்குச் சொல்கிற சோம்பேறி என்றது கிளி. அவள் விடவில்லை. கவையைத்தான் கூட்டலாம், நுனியைப் பெருக்கத்தான் வேண்டும், அந்த எட்டு ஒரே ஒரு நுனிக்கு உரியது என்று வாதாடினாள். அணிலார் வாலை ஒரு வீசு வீசினார். கருப்பாயி மண்ணில் விழுந்தாள்.

"நான் பொய் சொன்னேனா, அணிலாரே?" என்று கீழேயிருந்து கேட்டாள். அவர் அடுத்த கிளைக்குத் தாவிப் போய்விட்டார்.

குருவிகள் சிறகை விரித்தன. பொன்னாத்தா மட்டும் கீழே இறங்கினாள். "ஒன்பதுன்னா என்ன தாயி? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"எல்லாரும் அடிமரத்துலேருந்து நடந்து ஏறுங்க. ஒவ்வொரு கவையிலயும் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். ஒன்பதாவது தாண்டியும் ஒருத்தி பக்கத்துல இன்னொருத்தி நின்னா, என்னை மிதிச்சுட்டுப் போங்க."

பொன்னாத்தா முதலில் நடந்தாள். முதல் கவையில் பக்கத்துக்கு இருநூற்றைம்பது பேர். அடுத்ததில் நூற்றிருபத்தைந்து. மூன்றாவதில் ஒருத்தி மிஞ்சினாள். அவள் எந்தப் பக்கம் போனாலும் சரிதான் என்றாள் கருப்பாயி. அணிலார் முன்பு எண்ணி முடித்த ஆறாவது கவையைத் தாண்டியபோது ஏழெட்டுப் பேர் சேர்ந்து நின்றார்கள். ஒன்பதாவதைத் தாண்டியதும் ஒவ்வொருத்தியும் தனித்தனி நுனியில். பன்னிரண்டு நுனிகள் காலியாகவே இருந்தன.

பொன்னாத்தா இறங்கி வந்து, கருப்பாயியைத் தன் முதுகில் ஏற்றி மரத்தில் கொண்டுவந்து விட்டாள். "என் பிள்ளைங்க பிழைச்சது உன்னால" என்றாள். ஐந்நூறு பேரும் அதையே சொன்னார்கள்.

அடுத்த மழைக்கு மரம் இன்னும் உயர்ந்தது. எண்ணித் தரும்படி குருவிகள் எறும்புகளைத்தான் கேட்டன. பாதி எறும்புகள் கீழிருந்து கவைகளை எண்ணிக்கொண்டு ஏறின, பாதி மேலிருந்து இறங்கின. நடுவில் சந்தித்து இரண்டையும் கூட்டிக்கொண்டன. அன்று முதல்தான் எதிரெதிரே வரும் எறும்புகள் ஒரு கணம் நின்று தலையைத் தொட்டுக்கொள்கின்றன. நாம் அந்தக் கவைக் கணக்குக்கு மடக்கை (லாகரிதம்) என்று பேர் வைத்து, பெரிய பெரிய பெருக்கலைக் கூட்டலாக்கிச் சுலபமாகத் தப்பித்துக்கொள்வதும் அவள் புண்ணியத்தில்தான்.

அந்த மழைக்கு முன்பே, ஐந்நூறு பேரின் முட்டைகளும் பொரிந்த பிறகுதான் கருப்பாயியின் கேள்விக்கு அணிலாரின் பதில் வந்தது. குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் மரம் முழுக்கக் கேட்ட ஒரு காலையில் அவர் கருப்பாயியின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீ பொய் சொல்லல, கருப்பாயி. நீ பேசி முடிக்கிறதுக்குள்ள நான் வாலை வீசிட்டேன். இந்தச் சத்தத்தைக் கேட்க வச்சதுக்கு நன்றி."