களாவற்றலும் மரநாயின் பொட்டலமும்

ஒரு காட்டில் களாப்பழம் காயவைப்பதற்கென்றே ஒரு பாறை இருந்தது. கோடை முழுவதும் விலங்குகள் பழம் பறித்து வந்து அதில் பரப்பும். சுருங்கிக் கறுத்த வற்றலை வளையிலும் பொந்திலும் சேர்த்து வைத்துக்கொண்டு அடைமழைக் காலத்தைத் தள்ளும்.

அங்கே ஓர் அணில் இருந்தாள். எதைக் கொடுத்தாலும் கொறித்துப் பிளந்து உள்ளே பார்க்காமல் தின்னமாட்டாள். அதனால் காடே அவளைக் ‘கொறியம்மா’ என்று கேலி செய்தது. அவளுக்குப் பால்குடி மறக்காத நான்கு குட்டிகள். மழைக்காலத்தில் அவள் வயிறு நிறைந்தால்தான் அவற்றுக்குப் பால்.

அந்த வருஷம் பழைய களாச்செடிகள் காய்க்கவே இல்லை. ஓடைக்கரையில் புதிதாக முளைத்த ஒரு செடி மட்டும் கொத்துக்கொத்தாகக் காய்த்திருந்தது. ஊரில் மனிதர்கள் களாவின் உள்குணத்தையே மாற்றி வளர்த்த செடி அது. ஏதோ ஒரு பறவை அதன் விதையைக் கொண்டுவந்து போட்டுவிட்டது.

கொறியம்மா அதையும் பிளந்து பார்த்தாள். பழைய களாவில் நான்கு கொட்டைகள் இருக்கும். இதில் ஒன்றே ஒன்று. முதல் நாள் ஒரு பழம், மறுநாள் இரண்டு என்று ஒரு மாதம் தான் மட்டும் தின்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் பறித்துக் காயவைத்துப் பொந்தை நிரப்பினாள்.

அதே காட்டில் தேனொழுகப் பேசும் ஒரு மரநாயும் இருந்தான். அவன் மரத்துக்கு மரம் தாவிப் போய்ச் சொன்னான்: “ஓடைக்கரைச் செடிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். மனிதன் மாற்றிய செடி! தின்றால் வால் உதிரும். பிறக்கிற குட்டிக்கு முள் முளைக்கும். அந்த விஷத்தை நான் மூன்று மரம் தள்ளி நின்றே மோந்து கண்டுபிடித்துவிடுவேன்.”

“ஐயோ, அப்படியானால் மழைக்காலத்தில் எதைத் தின்பது?” என்று முயல் நடுங்கினான்.

“கவலைப்படாதே. மலையுச்சியில் பறித்த சுத்தமான பழைய களா என்னிடம் இருக்கிறது.”

தேக்கிலையில் கட்டிய அந்தப் பொட்டலங்களுக்கு அடிபிடி. கரடி ஒரு முழுத் தேனடையைக் கொடுத்து வாங்கினான். முயல் தன் பஞ்சு மெத்தையையே கொடுத்துவிட்டான்.

ஆனால் புதுப்பழத்தைத் தின்ற கொறியம்மா கொழுகொழுவென்று ஓடித்திரிந்தால் மரநாயின் பேச்சை யார் நம்புவார்கள்? அவன் சமயம் பார்த்திருந்தான். வெயிலில் முயலுக்குக் கொஞ்சம் முடி கொட்டியது. உடனே பிடித்துக்கொண்டான். “பார்த்தீர்களா! அவள் மரத்தடியில் குடியிருந்த பாவத்துக்கே இந்தக் கதி!”

காடு கொதித்தது. மழைமேகம் மலைமேல் இறங்கிய அன்று கொறியம்மாவின் வற்றல் முழுவதையும் வாரி வந்து பாறை விளிம்பில் குவித்தார்கள். கீழே காட்டாறு செந்நிறமாய்ச் சுழித்து ஓடியது. குற்றம் சொன்னவனே தன் காலால் தள்ள வேண்டும் என்பது அந்தக் காட்டு வழக்கம். மரநாய் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“கொறியம்மா, இது மாற்றிய செடியின் பழம்தானா?” என்று கரடி உறுமினான்.

“ஆமாம், கரடி அண்ணா. நான் ஒளிக்கவில்லையே.”

“அவளே ஒத்துக்கொண்டாள்!” என்று கத்தினான் மரநாய். “தள்ளட்டுமா?”

இடி இடித்தது. கொறியம்மா தன் குவியலைப் பார்த்தாள். இது போனால் மூன்றே நாளில் பால் வற்றிவிடும். அப்போதுதான் முயல் கட்டிப்பிடித்திருந்த தேக்கிலைப் பொட்டலம் அவள் கண்ணில் பட்டது.

“தள்ளலாம். ஆனால் காய்ந்து சுருங்கியபின் எது புதுசு, எது பழசு என்று எங்களுக்குத் தெரியவில்லையே. மரநாயாரே, கொஞ்சம் திரும்பி நில்லுங்கள். முயலுடைய வற்றலையும் என்னுடையதையும் கலந்து வைக்கிறேன். விஷத்தை மோந்து பிரித்துக் காட்டிவிட்டு அப்புறம் தள்ளுங்கள். கரடி அண்ணா என் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.”

“அது நியாயம்தான்” என்றான் கரடி. மரநாயால் மறுக்க முடியவில்லை. திரும்பி நின்றான்.

கொறியம்மா ஓர் இலையில் பத்து வற்றலை வைத்தாள். கரடியின் புருவம் மேலே போனது. ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை.

மரநாய் மோந்தான். மறுபடியும் மோந்தான். கடைசியில் ஐந்தை ஒதுக்கினான். “சீச்சீ, குடலைப் பிடுங்குகிறது! இவைதான் விஷம்.”

“அடேய்!” என்று கரடி பாய்ந்தான். “பத்தும் உன் பொட்டலத்திலிருந்து எடுத்தவைடா!”

மரநாய் இரண்டடி பின்வாங்கினான். பிறகு, “அவள் கை பட்டதல்லவா? அதனால் விஷம் ஏறிவிட்டது!” என்றான்.

கூட்டம் முணுமுணுத்தது. சில தலைகள் ஆமாம் என்று ஆடின. மரநாயின் கால் மீண்டும் குவியலை நோக்கி நகர்ந்தது. கொறியம்மா குறுக்கே பாய்ந்தாள்.

“அப்படியானால் உள்ளே பார்ப்போம்! என் கை பட்டால் கொட்டையுமா குறையும்?”

பாறை இடுக்கில் போன வருஷத்துக் களா ஒன்று ஒட்டிக் கிடந்தது. அதைப் பிளந்தாள்: நான்கு கொட்டைகள். தன்னுடையதைப் பிளந்தாள்: ஒன்று. முயலின் பொட்டலத்தில் ஒன்றைப் பிளந்தாள்: ஒன்றுதான். கரடி ஓடிப்போய் அவள் கை படாத தன் பொட்டலத்தைக் கொண்டுவந்து நசுக்கினான். ஒன்று, ஒன்று, ஒன்று.

“ஓடைக்கரைச் செடியை எங்களுக்கு விஷமாக்கிவிட்டு, நீ பறித்து எங்களுக்கே விற்றாயா?” கரடி தலையில் அடித்துக்கொண்டான். “நானும் ஒரு நாள்கூட மெல்லாமல் முழுசு முழுசாக விழுங்கியிருக்கிறேனே!”

மரநாய் தூக்கிய காலோடு ஓட்டம் பிடித்தான். அவன் மறைவிடத்தில் இருந்த வற்றலையெல்லாம் ஆற்றில் கொட்ட விலங்குகள் கிளம்பின.

“வேண்டாம்” என்றாள் கொறியம்மா. “மழையில் எல்லாருக்கும் பசிக்கும்.”

முயலுக்கு இன்னும் நடுக்கம் தீரவில்லை. “அக்கா, அப்படியானால் என் வால் உதிராதா?”

“நீ ஒரு மாதமாக அதைத்தானே தின்கிறாய்? இருக்கிறதா என்று நீயே திரும்பிப் பாரேன்.”

முயல் திரும்பிப் பார்த்தான். அதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. கொறியம்மா கன்னம் கொள்ளுமட்டும் வற்றலை அடக்கிக்கொண்டு குட்டிகளிடம் ஓடினாள்.

நீதி: ஒருவன் பயமுறுத்துகிறானே என்று உன் உணவைத் தூக்கி எறியாதே; முதலில் அவன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்.