ரேஸ் குறையாத ஜீப்

சின்னமனூரிலிருந்து மலைக்குப் பிரிகிற ரோட்டோரம் சவுந்தரம் மேஸ்திரியம்மாவின் ஒர்க்‌ஷாப். அவரிடம் தொழில் கற்க வந்த காசிமாயனோ அவரைவிட மூத்தவர். காலமெல்லாம் லாரி ஓட்டி முதுகு தேய்ந்தவர், ஓட்டினது போதும், இனி ஓடாததைச் சரிபண்ணுவோம் என்று வந்து சேர்ந்திருந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? இந்த வயசில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகமா என்று டீக்கடையில் அவரைப் போட்டு ஓட்டும். காசிமாயன் அசரமாட்டார். ரெண்டு இரும்புக்கு நடுவில் வைக்கிற பேக்கிங் அட்டையை எங்க மேஸ்திரியம்மா கையால் வெட்டி மாட்டினால் சொட்டு எண்ணெய் கசியாது, துளி காற்று நுழையாது, உங்களில் எவனுக்கு இப்படி ஒரு குரு வாய்த்தது என்று கேட்பார். அதோடு டீக்கடை வாயை மூடிக்கொள்ளும்.

ஆனாலும் மனசுக்குள் ஒரு குறை. வருகிறவர்களிடம் மேஸ்திரியம்மா அவரை "நம்ம கடையில இருக்கிற அண்ணன்" என்றுதான் சொல்வார். மெக்கானிக் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒரு காலையில் கேட்டேவிட்டார்.

"என்னைய எப்ப மெக்கானிக்குன்னு சொல்லுவீங்க?"

மேஸ்திரியம்மா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அதற்குள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

எஸ்டேட் ஆட்களை ஏற்றி இறக்குகிற பவுன்ராசுவின் பழைய பெட்ரோல் ஜீப் அது. போன வாரம்தான் இதே கடையில் வண்டியை விட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டி வாங்கிக்கொண்டு போயிருந்தார். இப்போது நின்ற இடத்திலேயே வண்டி காட்டுக்கத்தல் கத்தியது. ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே இந்த ரேஸ் என்றார் பவுன்ராசு. இறக்கத்தில் காலை எடுத்தாலும் வண்டி முன்னால் பிய்த்துக்கொண்டு போகிறது, மிதித்து மிதித்துப் பிரேக்கில் கருகல் வாடை வந்துவிட்டது, சாயங்காலம் மேலேயிருந்து ஆட்களை இறக்கணும் என்றார்.

"அண்ணே, நீங்க பாருங்க" என்று சொல்லி மேஸ்திரியம்மா ஒதுங்கிக்கொண்டார்.

காசிமாயனுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. மிதியடி சுருண்டு பெடலை அழுத்துகிறதா என்று குனிந்து பார்த்தார். இல்லை. ஆக்சிலேட்டர் கேபிள் இறுகவில்லை, ஸ்பிரிங் நன்றாகவே இழுத்தது. காற்றை மறிக்கிற சோக் முழுசாகத் திறந்திருந்தது. கடைசியாக ரேஸைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லோ ஸ்குரூவை வெளியே வெளியே திருகிக்கொண்டே வந்தார். ஸ்குரூ தளர்ந்து ஆடியதே தவிர சத்தம் இறங்கவில்லை.

அப்படியென்றால் காற்று வேறு வழியாக உள்ளே போகிறது. அது அவருக்குத் தெரியும். பார்க்காத இடம் கார்புரேட்டருக்கு அடியில் இருக்கிற இணைப்பு ஒன்றுதான். அங்கே இருப்பது மேஸ்திரியம்மா தன் கையால் வெட்டி மாட்டின பேக்கிங். கோயில் சிலையைச் சுரண்டிப் பார்க்கச் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு. கை அந்தப் பக்கமே போகவில்லை.

"எல்லாம் பாத்தாச்சா?" என்றார் மேஸ்திரியம்மா.

"பாத்தாச்சு."

"மிச்சம்?"

"ஒண்ணுமில்ல. பழைய வண்டி, அப்படித்தான் கத்தும்."

மேஸ்திரியம்மா இன்ஜினை அணைத்தார். சாவியை எடுத்துக் காசிமாயன் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்ப சாயங்காலம் நீங்களே ஓட்டி இறக்குங்க. நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்."

லாரி ஓட்டின ஆளுக்கு இறக்கத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காலை எடுத்த பிறகும் சொல்பேச்சுக் கேட்காத வண்டியில், வளைவுக்கு வளைவு பின்னால் ஜனம் அலறுவது இப்போதே காதில் கேட்டது. சாவியோடு ஜீப்பில் ஏறினார். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கினார். ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் கரைத்து, பிரஷ்ஷை எடுத்தார். டீக்கடைக் கூட்டம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அந்த இணைப்பைச் சுற்றித் தடவினார்.

ஒரு மூலையில் நுரை உள்ளே இழுபட்டுப் போனது. அவ்வளவு நேரம் கத்தின இன்ஜின் அழுத பிள்ளை பால் குடித்த மாதிரி அடங்கியது. தண்ணீர் வற்றியதும் திரும்பவும் கத்தியது. அணைத்துக் கழற்றினார். போல்ட் ஓட்டையை ஓரத்துக்கு ரொம்ப ஒட்டி வெட்டியதில் அந்த இடம் மெலிந்து பிய்ந்திருந்தது. எல்லோருமே பார்த்தார்கள்.

பவுன்ராசு முகம் கறுத்துவிட்டது. இதை நம்பியா ஆட்களை ஏற்றினேன் என்று முனகினார்.

"போன தடவை இதை மாட்டினது யாரு?"

"நான்தான்" என்றார் காசிமாயன்.

யோசிக்கவே இல்லை. இனி இந்த ஊரில் தன்னை யாரும் மெக்கானிக் என்று சொல்லப்போவதில்லை என்பது, சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. போகட்டும், மேஸ்திரியம்மா கைக்குக் கெட்ட பேர் வராமல் இருந்தால் போதும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மேஸ்திரியம்மா கையைத் துணியில் துடைத்தபடி முன்னால் வந்தார். பிய்ந்த பேக்கிங்கை வாங்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமையைக் காசிமாயன் அதுவரை கண்டதில்லை.

"வெட்டினதும் நான், மாட்டினதும் நான்" என்றார். "கண்டுபிடிச்சது எங்க மெக்கானிக்."