கொசுறுக்குப் போன கார்

மதுரையில் எங்கள் காலனிக்குச் சிக்கனம் சொல்லித் தரும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, ரிட்டயர்டு தாசில்தார் சிவசைலம் எடுத்துக்கொண்டிருந்தார். தெருமுனைக் கடையில் கறிவேப்பிலைக்கு ஐந்து ரூபாய் கேட்கிறார்கள் என்று, அதைக் கொசுறாகத் தரும் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குத் தினமும் காரில் போய்வருவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் டிரைவர் வேல்ச்சாமியைக் கூப்பிட்டு, "பெட்ரோல் செலவு பாதியாகணும். மார்க்கெட்டும் விட்டுப்போகக் கூடாது. முடியலேன்னா வேற வேலை பாத்துக்க" என்றார்.

"வழி இருக்குங்கய்யா. ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றான் வேல்ச்சாமி.

ஞாயிற்றுக்கிழமை காலனி சங்கக் கூட்டம். சிக்கனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி முடித்த சிவசைலம், "நம்மகிட்ட இருந்தா டிரைவருக்குக்கூட புத்தி வந்துடும். பெட்ரோலைப் பாதியாக்க வழி கண்டுபிடிச்சிருக்கான். சொல்லுடா" என்றார்.

வேல்ச்சாமி ஒரு கறிவேப்பிலைக் கன்றைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தான்.

"மார்க்கெட்டை உங்க வாசலுக்கே கொண்டாந்துட்டேங்கய்யா."

கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

காரில் ஏறியதும் சிவசைலம் கேட்டார். "கன்னு என்ன விலை?"

"இருபது ரூபாங்கய்யா."

"திருப்பரங்குன்றம் நர்சரியில பதினஞ்சுதான். இதைத் திருப்பிக் குடுத்துட்டு அங்க போவோம். வண்டியை எடு."