யானை வைத்த கறுப்புக் கல்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் ஓர் ஓடை ஓடியது, குழந்தைகளே. வெயில் காலத்தில் அது முயலின் முழங்காலைக்கூட நனைக்காது. மழைக்காலத்திலோ அதன் ஆட்டமே வேறு! போன ஐப்பசியில் பொங்கி வந்து, பள்ளத்தில் இருந்த முயல் வளைகள் அத்தனையையும் அடித்துக்கொண்டு போனது.

அந்தக் காட்டின் தலைவி ஒரு யானை. சொன்ன சொல் தவறாத யானை என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரில் அதற்குக் கொள்ளைப் பெருமை.

"இந்த மழைக்கு உங்கள் வளைகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையாது. ஓடைக்குக் கரை கட்டித் தருகிறேன்" என்று யானை முயல்களுக்கு வாக்குக் கொடுத்தது.

மறுநாளே வேலை தொடங்கியது. மண் தோண்டுவது உழைப்பாளி காட்டுப்பன்றி. கல் அடுக்குவது வாய்ச்சவடால் குரங்கு. களிமண் பூசுவது கூச்சக்கார நீர்நாய்.

யானை ஓர் ஏற்பாடும் செய்தது. "மாலையில் இந்தப் பாறைமேல் ஆளுக்கொரு கல் வையுங்கள். வேலை ஒழுங்காக நடந்தால் வெள்ளைக் கல். ஏதாவது இடைஞ்சல் என்றால் கறுப்புக் கல்."

நல்ல ஏற்பாடுதான். நானும் மெச்சுகிறேன். ஆனால் அன்று மாலை நடந்ததைக் கேளுங்கள்.

பன்றி வெள்ளைக் கல் வைத்தது. குரங்கு வெள்ளைக் கல் வைத்தது. நீர்நாய் தயங்கித் தயங்கி ஒரு கறுப்புக் கல்லை வைத்தது.

"அம்மா, கிழக்கு வளைவில் பூச்சு நிற்கவில்லை. அங்கே..."

"என் கரையில் கறுப்புக் கல்லா?" யானை பிளிறிய பிளிறலில் மரத்துக் கிளிகள் பறந்தன. "இவர்கள் இருவருக்கும் இல்லாத இடைஞ்சல் உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? வேலை தெரிந்தவன் கறுப்புக் கல்லைத் தொடமாட்டான்!"

வெள்ளைக் கல் வைத்த இருவருக்கும் பலாச்சுளை கிடைத்தது. நீர்நாய் வெறும் வயிற்றோடு வீடு திரும்பியது.

அடுத்த மாலை அதுவும் வெள்ளைக் கல் வைத்தது. அன்றிலிருந்து பாறைமேல் கறுப்பே கிடையாது. யானைக்கோ பெருமை பிடிபடவில்லை. இரண்டு வாரம் கழித்து முயல்களை அழைத்து வந்து பாறையைக் காட்டியது.

"பார்த்தீர்களா? அத்தனையும் வெள்ளை! இப்படி ஒரு வேலை எந்தக் காட்டிலாவது நடந்திருக்கிறதா?"

குட்டி போட்டு நான்கே நாளான ஒரு தாய்முயல் பாறையை உற்றுப் பார்த்தது. "பாறை அழகாக இருக்கிறது, அம்மா. கரையைப் பார்த்தீர்களா?"

யானைக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று ஓடைக்கு நடந்து, கரைமேல் காலை வைத்தது. கால் முழங்கால் வரை புதைந்தது. கிழக்கு வளைவில் பூச்சே இல்லை. மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

நீர்நாய் முன்னே வந்தது. "சொன்னேன், அம்மா. முதல் நாளே சொன்னேன்."

யானை துதிக்கையை உயர்த்தியது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் பிளிறல் வரவில்லை. யானை ஓடையில் இறங்கி, இருப்பதிலேயே பெரிய கறுப்புக் கல்லாகப் பார்த்து எடுத்தது. அதைக் கொண்டுபோய்ப் பாறையின் உச்சியில் வைத்தது.

"இது என் கல். உண்மையைச் சொல்ல வந்தவன் வாயை அடைத்தது நான்தான். இனி யார் கறுப்புக் கல் வைத்தாலும், 'ஏன்' என்று அதட்டமாட்டேன். 'என்ன வேண்டும்' என்றுதான் கேட்பேன்."

பிறகு பன்றி ஒரு கறுப்புக் கல்லோடு வந்தது. "நல்ல மண் தீர்ந்து ஒன்பது நாள் ஆகிறது, அம்மா. மணலைத்தான் கொட்டினேன்."

"என்ன வேண்டும்?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம் செம்மண் இருக்கிறது. தூக்கி வர ஆள் வேண்டும்."

குரங்கு தலையைச் சொறிந்தது. "நான் அடுக்கியதில் இரண்டு முழம் இடைவெளி. தழையைப் போட்டு மூடிவிட்டேன். கல் கொடுங்கள், இன்றைக்கே அடைக்கிறேன்."

"உனக்கு?" என்று யானை நீர்நாயைக் கேட்டது.

"வளைவில் ஒரு பாறையை உருட்டிப் போட்டால் தண்ணீரின் வேகம் குறையும், பூச்சு நிற்கும். அது என்னால் ஆகாது. உங்களால் ஒரு நொடியில் ஆகும்."

ஒரு நொடிதான் ஆயிற்று! அதற்காகவா இத்தனை நாள் வீணானது என்று யானை வெட்கப்பட்டது. அடுத்த மூன்று நாளும் முயல்கள் உட்பட எல்லாரும் செம்மண் சுமந்தார்கள்.

நான்காம் நாள் மழை கொட்டியது. ஓடை பொங்கி வந்து கரையில் முட்டியது. அந்த மழையில் நீர்நாய் தலைதெறிக்க ஓடி வந்தது. கையில் ஒரு கறுப்புக் கல்.

"அம்மா, வளைவில் கசிகிறது!"

"சபாஷ்! என்ன வேண்டும்?"

"இரண்டு சுமை செம்மண்."

யானை சுமந்து வந்தது, நீர்நாய் அடைத்தது. கசிவு நின்றது. பள்ளத்து வளையில் அந்தத் தாய்முயலின் குட்டிகள் நனையாமல் தூங்கின.

மழை விட்டதும் பக்கத்துக் காட்டு விலங்குகள் கரையைப் பார்க்க வந்தன. யானை நெஞ்சை நிமிர்த்தி, முதலில் அந்தப் பாறையைத்தான் காட்டியது.

"அதோ, அந்தக் கறுப்புக் கற்களைப் பாருங்கள். என் கூட்டம் என்னை நம்பி வைத்தவை!"

பிறகு பெரிய பலாச்சுளையாக எடுத்து நீர்நாயின் கையில் கொடுத்தது.

நீதி: குறையைச் சொல்பவரை அதட்டும் தலைவருக்கு நல்ல செய்திதான் வந்து சேரும், நல்ல வேலை வந்து சேராது.